நூற்றுக்குத் தொண்ணூற்றேழு

மஞ்சப்பா கல்லூரியின் புள்ளியியல் துறைக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது, படிக்கட்டின் மேல்படியில் ஒரு பெண்மணி காத்து நின்றார். முப்பது வயது இருக்கலாம். சிக்கமகளூரின் பிப்ரவரிக் குளிருக்குச் சால்வையை இறுக்கிப் போர்த்தியிருந்தார். கையில் நான்காக மடித்த ஒரு கடிதம் இருந்தது.

"ஹெப்பார் மேடத்தப் பாக்கணும்."

"பசங்க மார்க் விஷயம்னா ஆபீஸ் கீழ இருக்கு."

"மார்க் விஷயந்தான். ஆனா பசங்களுக்குப் போட்டது இல்ல. என் நாக்குக்குப் போட்டது."

இருபத்தேழு ஆண்டுகளாக அத்துறையின் பதிவேடுகளைப் பாதுகாத்துவரும் மஞ்சப்பாவுக்கு அந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது. வருகைப் பதிவேட்டை மரியாதையுடன் அவர் பக்கம் நகர்த்தினார். பேனா வலப்பக்கம் நூலில் கட்டப்பட்டிருந்ததால், அப்பெண்மணி உடலை முறுக்கி, இடது கையால் சிரமப்பட்டுக் கையெழுத்திட்டார். நாகவேணி, காப்பிச் சுவைப்பாளர்.

டாக்டர் மந்தாகினி ஹெப்பார் பத்து மணிக்கு வந்தார். நாற்பத்து நான்கு வயது. குரலை உயர்த்தி எவரும் கேட்டதில்லை. பால் சங்கத்தின் கொழுப்பு அளவையிலும், ஒரு தேர்வுக்கூடத்தின் விடைத்தாள்களிலும் ஒளிந்திருந்த இரண்டு தவறுகளை அவர் எண்களை மட்டும் கொண்டு வெளிக்கொணர்ந்த பிறகு, மஞ்சப்பா தம்மை அவருடைய உதவியாளராகவே கருதிக்கொண்டார். அந்நியமனத்தை ஹெப்பார் உறுதிப்படுத்தவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

நாகவேணி கடிதத்தை மேசையில் விரித்தார்.

ஊருக்கு வெளியே காப்பிக் கொட்டைகளைப் பதப்படுத்தும் ஓர் ஆலையில் அவர் பணிபுரிந்துவந்தார். ஒவ்வொரு மூட்டைத் தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, வறுத்து, கோப்பைகளில் காய்ச்சி வைப்பார்கள். மூன்று சுவைப்பாளர்கள் தனித்தனியே ருசித்துச் சீட்டில் 'சுத்தம்' என்றோ 'குறை' என்றோ எழுத வேண்டும். பூசண வாடை, புளிப்பு, மருந்து நெடி ஆகிய எதுவாயினும் குறைதான். ஆலையின் தலைமை நிலையம் அண்மையில் ஒரு விதியை வகுத்திருந்தது. மற்றவர்களில் ஒருவரோடாவது நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு கோப்பைகளில் ஒத்துப்போகாத சுவைப்பாளர் அம்மேசையில் நீடிக்க இயலாது.

"கூட ருசி பாக்கற போபய்யா சாருக்கும் ஷெட்டருக்கும் தொண்ணூற்றேழு ஒத்துப்போகுது. எனக்கும் போபய்யா சாருக்கும் தொண்ணூறு. எனக்கும் ஷெட்டருக்கும் எண்பத்தொன்பது. திங்கக்கெழமையிலிருந்து நான் கொட்ட பொறுக்குற கூடத்துக்குப் போகணுமாம்."

"நீங்க என்ன நெனக்கிறீங்க?" என்று ஹெப்பார் கேட்டார்.

"அந்தக் கூடத்துல உக்காந்துக்கிட்டேதான் பரீட்சைக்குப் படிச்சு மேல வந்தேன் மேடம். திரும்பப் போறது பெருசில்ல. என் நாக்கு பொய் சொல்லுதுன்னா போறேன். சொல்லுதான்னு யாராவது எனக்குச் சொல்லணும்."

ஹெப்பார் கடிதத்தைப் படித்து முடித்தார். "சீட்டெல்லாம் வெச்சிருக்காங்களா?"

"எல்லாத்தயும் பதிவேட்டுல ஏத்தியிருக்கோம்."

"அப்ப சாயங்காலத்துக்குள்ள அது இங்க வரட்டும். மேலாளர்கிட்ட நான் பேசறேன்."

நாகவேணி படியிறங்கியதும் மஞ்சப்பா அடக்கிக்கொள்ள இயலாதவராக, "ரெண்டு பேரும் கூட்டு, மேடம்," என்றார். "வயசானவங்க ரெண்டு பேரு, நடுவுல ஒரு பொம்பள வந்துட்டா. சீட்டக் காட்டிக் காட்டி எழுதறாங்க."

"இருக்கலாம் மஞ்சண்ணா. இல்லாமலும் இருக்கலாம். மொதல்ல கணக்குப் போடுவோம்."

அன்று மாலை பதிவேடு வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஹெப்பார் பலகையில் மூன்றே எண்களை எழுதி மஞ்சப்பாவை அழைத்தார்.

"நூறு கோப்பையில மூணு பேருமே சுமாரா பத்துக்குத்தான் 'குறை' போடறாங்க. இப்ப நீங்களும் நானும் காப்பியத் தொடாம, கண்ண மூடிக்கிட்டு, தோணின பத்துக்குக் 'குறை' போட்டா எத்தன ஒத்துப்போகும் தெரியுமா? எண்பத்திரண்டு."

"ஒண்ணும் குடிக்காமலா?"

"ஒரு சொட்டுகூட. பெரும்பாலான கோப்ப சுத்தம், ரெண்டு பேரும் சுத்தம்னே எழுதறோம், அவ்ளோதான். அதனால எண்பத்திரண்டு வரைக்கும் தானா வர்றது. அதுக்கு மேல மிச்சம் இருக்கிற பதினெட்டுல யாரு எவ்ளோ எடுத்தாங்கங்கறதுதான் உண்மையான ஒத்துப்போதல். போபய்யாவும் ஷெட்டரும் பதினஞ்சு எடுத்திருக்காங்க. நாகவேணியும் போபய்யாவும் எட்டு."

மஞ்சப்பா பலகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது நம்ம பொண்ணயே கவுத்துருச்சே. தொண்ணூறுன்னா பாஸுக்குப் பக்கத்துல இருந்துச்சு. இப்ப பதினெட்டுக்கு எட்டுன்னு ஆயிருச்சு."

"ஆமா," என்றார் ஹெப்பார், வருத்தமின்றி. "கணக்கு நமக்கு வேண்டியவங்கன்னெல்லாம் பாக்காது. ஆனா ஒத்துப்போகலேன்னா யாரோ ஒருத்தர் தப்புன்னு தெரியும், யாருன்னு தெரியாது. அதுக்கு வேற கேள்வி கேக்கணும். ஒரே காப்பிய ஒரே ஆள் ரெண்டு தடவ குடிச்சா ஒரே பதில் சொல்றாரா?"

அந்த ஆலையில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. காப்பி காய்ச்சும் கிரிஜம்மா நாள்தோறும் மூன்று மாதிரிகளைச் சுவைப்பாளர்கள் அறியாமல் வெவ்வேறு குறியீட்டில் இருமுறை வைப்பார். அந்த இரட்டைகளை எவரும் இதுவரை சேர்த்துப் பார்த்ததில்லை. ஹெப்பார் அவற்றைத் தேடி எடுத்து, எவரேனும் ஒருவராவது 'குறை' கண்ட இருபத்து நான்கு இரட்டைகளைத் தனித் தாளில் எழுதியிருந்தார்.

"இதுல நாகவேணி மூணு எடத்துல தனக்குத்தானே முரண்பட்டிருக்காங்க. போபய்யா ஏழு. ஷெட்டர் எட்டு."

மஞ்சப்பாவின் முகம் மலர்ந்தது. "அப்ப பொண்ணு நாக்குதான் உறுதி."

"அது ஒரு பாதி. இந்த எடத்தப் பாருங்க." அவர் பென்சிலால் வட்டமிட்டார். "போபய்யா ஏழு எடத்துல தடுமாறினாரு. அந்த ஏழுல ஆறு எடத்துல ஷெட்டரும் தடுமாறியிருக்காரு. அதே கோப்பையில, அதே பக்கமா. ரெண்டு பேரு சரியான பதில்ல ஒத்துப்போனா ஆச்சரியம் இல்ல, உண்ம ஒண்ணுதான். தப்புல ஒத்துப்போனா அதுக்கு ஒரு காரணம் வேணும்."

"நான் சொன்னேன்ல. சீட்டு."

"யாரு யாரோட சீட்ட?"

ஹெப்பார் பதிவேட்டின் டிசம்பர்ப் பக்கத்தைத் திறந்தார். குடகின் அறுவடைப் பண்டிகையான புத்தரிக்காகப் போபய்யா மடிக்கேரிப் பக்கம் தம் ஊருக்குச் சென்றிருந்த மூன்று நாள்கள் அங்கே இருந்தன. அந்நாள்களில் நூற்றிருபது கோப்பைகள். நாகவேணி பதின்மூன்றில் குறை கண்டிருந்தார். மரியாதையாக ஷெட்டர் என்று அழைக்கப்படும் ஷெட்டியின் பத்தி முழுவதும் 'சுத்தம்' என்றே இருந்தது; ஒரு குறைகூட இல்லை.

"மேலாளர் இதக் கவனிக்கலியா?"

"கவனிச்சிருப்பாரு. அந்த மூணு நாளும் ரெண்டு பேருக்கும் எண்பத்தொன்பது ஒத்துப்போயிருக்கு. எப்பவும் வர்ற எண்தான். ஒருத்தர் ஒரு கோப்பையக்கூட குறைன்னு சொல்லல, ஆனாலும் எண்பத்தொன்பது. அந்த எண்ணுக்கு அவ்ளோதான் கண்ணு." அவர் சால்வையை எடுத்துக்கொண்டார். "வாங்க, அந்த மேசையப் பாக்கணும்."

சுவைக்கும் அறை ஆலையின் வடகோடியில் இருந்தது. நடுவே பெரிய வட்ட மேசை. அதன் விளிம்பில் நாற்பது கோப்பைகள். மேலாளர் சந்திரமௌளி, தம் ஏற்பாட்டில் எவரும் குறை காண முடியாதென்ற உறுதியுடன் விதிகளை விளக்கினார். பேசக் கூடாது. முகம் சுளிக்கக் கூடாது. கழுத்தில் தொங்கும் சீட்டு அட்டை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். முன்னே செல்பவருக்கும் பின்னே வருபவருக்கும் இடையில் இரண்டு கோப்பை இடைவெளி வேண்டும். முடிந்த கணமே சீட்டு பூட்டிய பெட்டிக்குள் செல்ல வேண்டும்.

"முன்னால போறவரு முதுகுதான் பின்னால இருக்கறவருக்குத் தெரியும். சுவத்துல ஒரு கண்ணாடிகூட கெடையாது, பாருங்க," என்றார்.

மஞ்சப்பா பார்த்தார். துப்புவதற்கான பித்தளைக் கூசா ஒன்று ஒவ்வொருவர் கையிலும் பளபளத்தது. அவர் ஹெப்பாரின் காதருகே குனிந்து, "பித்தளையில சீட்டு தெரியும் மேடம்," என்று கிசுகிசுத்தார்.

"உங்க மூக்கு தெரியுதான்னு பாருங்க," என்றார் அவர். தெரிந்தது, ஆனால் பூசணிக்காய் அளவில், எழுத்தென்று எதுவும் தேறாத வடிவில்.

போபய்யா முதலில் வந்தார். அறுபதை நெருங்கும் குடகர். மீசை முறுக்கு அப்படியே இருந்தது. பின்னால் லோகநாத ஷெட்டி. மெலிந்தவர், எவரையும் நேராகப் பார்க்காதவர். இருவரும் கூசாவை இடது கையிலும் கரண்டியை வலது கையிலும் பிடித்து மேசையை வலமாகச் சுற்றத் தொடங்கினர். நாகவேணிக்குக் கரண்டி இடது கையில் இருந்தது. கரண்டிக் கை மேசைப் பக்கம் இருக்க வேண்டுமென்பதால் அவர் அதே இடத்திலிருந்து எதிர்ப்பக்கமாகப் புறப்பட்டார்.

போபய்யா உறிஞ்சினார். மஞ்சப்பா திடுக்கிட்டார். காய்ந்த துணியைக் கிழித்ததுபோல் ஓர் ஒலி அறை முழுவதும் ஓடிற்று.

கதவருகே நின்ற கிரிஜம்மா மெல்ல, "இது ஒண்ணுமில்ல. மழைக்காலத்துல மூடிகெரெ ஊர் வரைக்கும் கேக்கும்," என்றார்.

அடுத்த அரைமணி நேரம் ஹெப்பார் கண்களை மூடி ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவர் களைத்துவிட்டார் என்றே மஞ்சப்பா எண்ணினார். ஆனால் பென்சில் மட்டும் குறிப்பேட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தபோது வெறும் கோடுகள் தெரிந்தன. ஒற்றைக் கோடு, ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு, மீண்டும் ஒற்றைக் கோடு. பக்கம் முழுவதும் அப்படியே.

சீட்டுகள் பெட்டிக்குள் சென்றபின் ஹெப்பார் போபய்யாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்று ஏதோ கேட்டுக்கொண்டார். போபய்யா முதலில் கையை விரித்தார். பிறகு மீசையைத் தடவியபடி தலையசைத்தார். மஞ்சப்பாவின் செவிக்கு எட்டியது கடைசி வாக்கியம் மட்டுமே: "எனக்கென்னம்மா, வயிறு நெறைய காத்துதான் போகும். நாளைக்குப் பாத்துக்கலாம்."

திரும்பும் வழியில் மஞ்சப்பா தம் அடுத்த ஊகத்தை வெளியிட்டார். "கரண்டியால கோப்பையத் தட்டி சைகை காட்டறாரு போபய்யா."

"அவரு எந்தச் சைகையும் காட்டல மஞ்சண்ணா. அவரு நேர்மையான ஆளு."

"அப்ப ஷெட்டி திருடன்."

"அதையும் நாளைக்கு அவரே சொல்லட்டும்."

சனிக்கிழமை காலை சுவைப்பு வழக்கம்போலத் தொடங்கியது. ஹெப்பார் இம்முறை கண்களைத் திறந்தே வைத்திருந்தார். போபய்யா முதற்கோப்பையில் உறிஞ்சி, துப்பி, மீண்டும் உறிஞ்சினார். இரண்டாவதிலும் இருமுறை, மூன்றாவதிலும் அவ்வாறே. ஒவ்வொரு கோப்பைக்கும் தவறாமல் இரண்டு.

நான்காவது கோப்பையில் ஷெட்டியின் கரண்டி தயங்கிற்று. ஆறாவதில் அவர் எழுதியதை அழித்தார். போபய்யாவுக்கும் அவருக்கும் இடையிலான இரண்டு கோப்பை நான்காயிற்று, ஏழாயிற்று. ஒரு கோப்பையை மூக்கருகே கொண்டுசென்று வெகுநேரம் நின்றார், வைத்தார், திரும்ப எடுத்தார். அவர் நெற்றியில் வியர்வையைக் கண்டபோது மஞ்சப்பாவுக்கு வெற்றி பெற்ற உணர்வு வரவில்லை. தாம் ஏன் இங்கு வந்தோம் என்ற கூச்சமே மேலிட்டது.

பதினோராம் கோப்பையருகே ஷெட்டி நின்றேவிட்டார். எதிர்ப்பக்கமாகச் சுற்றிவந்த நாகவேணி அவர்முன் வந்து நின்றார்.

"வழி விடுங்க ஷெட்ரே," என்றார் தாழ்ந்த குரலில்.

ஷெட்டி விலகவில்லை. கரண்டியை மேசைமேல் வைத்தார். சீட்டைக் கவிழ்த்து அதன்மேல் பென்சிலை வைத்தார்.

மேலாளரின் அறையில் ஐவரும் அமர்ந்தார்கள்; மஞ்சப்பா கதவை மூடிவிட்டு அதன் அருகிலேயே நின்றுகொண்டார். கிரிஜம்மா கொண்டுவந்த கஷாயத்தை எவரும் தொடவில்லை.

"நேத்து நான் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டேன்," என்று ஹெப்பார் தொடங்கினார். "போபய்யா சார் சுத்தமான கோப்பைய ஒரு தடவதான் உறிஞ்சறாரு. சந்தேகம் வந்தா இன்னொரு தடவ. அவருக்கே தெரியாத பழக்கம் அது. பெட்டியத் தொறந்ததும் என் கோடுகளையும் அவரு சீட்டையும் சேத்துப் பாத்தேன். நாலு கோப்பையில இரட்டைக் கோடு. அந்த நாலுக்கும் அவரு 'குறை' போட்டிருந்தாரு."

போபய்யா மீசையிலிருந்து கையை எடுத்தார். "நேத்து தாழ்வாரத்துல நீங்க சொன்னப்பதான் எனக்கே தெரிஞ்சுது."

"நீங்க கண்ணுக்கு எல்லாக் கதவையும் அடச்சிருக்கீங்க," என்று ஹெப்பார் மேலாளரை நோக்கினார். "காத அடைக்கல. பின்னால ரெண்டு கோப்ப தள்ளி வர்றவருக்கு முன்னால போற சத்தம் ஒண்ணொண்ணா எண்ணிக் கேக்கும். நாகவேணி எதிர்ப்பக்கமா சுத்தறதால, அந்தச் சத்தம் எந்தக் கோப்பைக்குன்னு அவங்களுக்குப் புடிபடாது. இந்த மேசையில தனியா ருசி பாக்கறது அவங்க ஒருத்தர்தான். தனியா இருந்ததாலதான் ஒத்துப்போகல."

சந்திரமௌளி தொண்டையைச் செருமினார். "அப்ப அந்தத் தொண்ணூற்றேழு?"

"அது ரெண்டு நாக்கோட கணக்கு இல்ல சார். ஒரு நாக்கும் ஒரு காதும். இன்னிக்கு எல்லாக் கோப்பைக்கும் ரெண்டு தடவ உறிஞ்சச் சொன்னேன். நாக்கு இருக்கறவருக்கு அதனால ஒரு வித்தியாசமும் இல்ல."

எல்லோரும் ஷெட்டியைப் பார்த்தார்கள். அவர் தம் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷம் முன்னால ஒரு காய்ச்சல் வந்துச்சு," என்றார் இறுதியில். "காய்ச்சல் போச்சு. வாசனை திரும்பி வரல. வந்துரும் வந்துரும்னு இருந்தேன். மொதல்ல சந்தேகம் வந்தப்ப மட்டும் காத வெச்சேன். ஏதோ மணம் வர்ற மாதிரியே இருக்கும், சாரு ரெண்டாந்தடவ உறிஞ்சினதும். சத்தியமா இருக்கும். அப்புறம் சாரு புத்தரிக்கு ஊருக்குப் போனப்பதான்…" அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "அந்த மூணு நாள்ல தெரிஞ்சுபோச்சு, வெந்நி குடிக்கறேன்னு."

"டிசம்பர்ல தெரிஞ்சுது," என்றார் நாகவேணி. அவர் குரலில் கோபத்தைவிட வியப்பு மிகுந்திருந்தது. "இந்தக் கடுதாசி எனக்குப் போன வாரம் வந்துச்சு. வராண்டாவுல நின்னு படிச்சுக்கிட்டிருந்தேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க ஷெட்ரே. கவலப்படாத, கூடத்துல வெயிலாவது வரும்னு சொன்னீங்க."

ஷெட்டி தலையை அசைத்தார். மறுப்பாகவா ஒப்புதலாகவா என்று மஞ்சப்பாவால் சொல்ல இயலவில்லை. "வேற என்ன சொல்றதுன்னு தெரியலம்மா," என்றார்.

போபய்யா எழுந்து சன்னலருகே சென்றார். அவர் முகத்தை அறையிலிருந்தவர்கள் காண முடியவில்லை.

"மேடம், நேத்து ஏழு எடத்துல நான் தடுமாறினேன்னு சொன்னீங்களே."

"ஆமா. இருபத்து நாலுல ஏழு. மோசமில்ல சார்."

"மோசமில்லதான். ஆனா ரெண்டு வருஷமா எனக்கு ஒரு சந்தேகம் வந்தா, சாயங்காலம் பதிவேட்டப் பாப்பேன். ஷெட்டியும் அதேதான் போட்டிருப்பான். சரி, என் நாக்கு நல்லாத்தான் இருக்குன்னு நிம்மதியா வீட்டுக்குப் போவேன்." அவர் திரும்பாமலே நாகவேணியைக் கைகாட்டினார். "இந்தப் பொண்ணு வேற மாதிரி போட்டிருந்தா, கத்துக்கும்னு விட்டுருவேன். யாரு கத்துக்கணும்னு இப்பத்தானே தெரியுது."

சந்திரமௌளி கடிதத்தை நாகவேணியிடமிருந்து வாங்கி, இரண்டாகக் கிழித்தார். பிறகு தலைமை நிலையத்துக்கு என்ன எழுதுவதென்ற கவலை அவர் முகத்தில் படர்ந்தது. அதையும் ஹெப்பாரே சொன்னார்: "ஒவ்வொருத்தரும் வேற வேற எடத்துலேந்து ஆரம்பிக்கட்டும். ஒத்துப்போறத மட்டும் எண்ணாதீங்க. கிரிஜம்மா வெக்கிற இரட்டையையும் எண்ணுங்க. மூணாவது நாக்கு கெடைக்கிற வரைக்கும் ரெண்டு போதும்."

"ஷெட்டர?" என்றார் மேலாளர்.

ஹெப்பார் தம் குறிப்பேட்டை மூடினார். அது எண்களின் கேள்வி அல்ல என்று அவர் கருதியிருக்கலாம். விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

"வறுக்கற எடத்துல ஆள் இல்ல," என்றார் நாகவேணி, எவரையும் பாராமல். "கொட்ட வெடிக்கிற மொத சத்தத்துக்கும் ரெண்டாவது சத்தத்துக்கும் நடுவுல நிறுத்தத் தெரியாம தெனம் கருக்கறாங்க. ரெண்டு கோப்ப தள்ளி உறிஞ்சற சத்தத்த ரெண்டு வருஷமா நூத்துக்குத் தொண்ணூற்றேழு சரியாக் கேட்ட காது அது." அவர் எழுந்தார். "மன்னிச்சுட்டேன்னு அர்த்தம் இல்ல ஷெட்ரே. கருகின காப்பிய எங்களால குடிக்க முடியல, அதான்."

ஷெட்டி முதன்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

பாதியில் நின்ற சுவைப்பைப் பகலுக்குமுன் முடிக்க வேண்டியிருந்தது. கிரிஜம்மா புதிதாக நாற்பது கோப்பைகளை வைத்தார். போபய்யா வட கோடியிலிருந்தும் நாகவேணி தென் கோடியிலிருந்தும் தொடங்கினார்கள். தாம் எத்தனை முறை உறிஞ்சுகிறோம் என்பதையே நினைத்துக்கொண்டு போபய்யா மிகவும் சிரமப்பட்டார். ஒரு கோப்பைக்கு முன்னால் அவர் நெடுநேரம் நின்றார். எழுதினார், அடித்தார். எதிரே வந்த நாகவேணி அதே கோப்பையைச் சுவைத்து எழுதி முடித்ததை அவர் கண்டார்.

முப்பத்தைந்து ஆண்டு அனுபவமுள்ள அம்மனிதர் குனிந்து, ஏறத்தாழக் கெஞ்சும் குரலில் கேட்டது மஞ்சப்பாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏம்மா, இதுல லேசா பூசணம் அடிக்குதில்ல?"

நாகவேணி தம் சீட்டு அட்டையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"எழுதிப் பெட்டியில போடுங்க சார்," என்று மரியாதையுடன் கூறிவிட்டு, அடுத்த கோப்பைக்கு நகர்ந்தார்.